அவரோட போய்ச் சாப்பிடு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் நீராவி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தைந்து வருஷமாகச் சுடுதண்ணீர்ப் புகைக்கு நடுவில் வேலை பார்ப்பவள் என்பது ஒரு காரணம். கோபம் வந்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்பது இன்னொரு காரணம். அந்தப் பெயரை வைத்தது அவளுடைய வீட்டுக்காரர்தான் என்பது பலருக்குத் தெரியாது. அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவர். ஒருநாள் அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்தவர், சலவைக்கூடத்து வாசலில் நின்று, "நீராவி இருக்காளா?" என்று கேட்டுத் தொலைத்தார். அன்றோடு ஒட்டிக்கொண்டது.

சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. காலையில் எல்லா வார்டுகளிலிருந்தும் மூட்டைகள் வந்து குவியும். அவற்றைப் பிரிக்க வேண்டும். ரத்தக் கறை பட்டதை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை செத்தாலும் போகாது. பிறகு மெஷின், பிறகு உலர்த்தும் பெட்டி, பிறகு ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் சூட்டு உருளை. அதன் ஒரு பக்கம் கசங்கிய போர்வையை ஊட்டினால் மறுபக்கம் காகிதம் மாதிரி வரும். மூக்கை வைத்தே இது எந்த வார்டு மூட்டை என்று நீராவி சொல்லிவிடுவாள். பெருமைப்பட்டுக்கொள்ளும்படியான திறமை இல்லைதான். ஆனால் தப்பியதில்லை.

அவளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். அங்கே வருகிற ஒவ்வொருத்தியோடும் ஆண்டவர் பேசுவார். ஒருத்தியிடம் வீடு மாறச் சொன்னார். இன்னொருத்தியிடம் மாற வேண்டாம் என்றார். மூன்றாவது ஒருத்தி புதிதாகத் துணி துவைக்கிற மெஷின் வாங்கலாமா என்று கேட்டதற்கு, எந்த நிறம் என்பது வரைக்கும் பதில் வந்திருந்தது. எல்லோரும் "அல்லேலூயா" சொல்வார்கள். நீராவியும் சொல்வாள். சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

"இருபத்திரண்டு வருஷமா நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒரு வார்த்தை? ஒரு 'ம்'? அவளுக்கு மெஷின் நிறம் சொல்றாரு. எனக்கு மெஷின் சத்தம் மட்டும்தான் கேக்குது."

வீட்டுக்காரர் செருப்பைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: "நீ பேசுறதை நிறுத்தினாத்தானே அவர் ஆரம்பிக்க முடியும்?"

அவர் மேல் செருப்பு பறக்கும். குறி தப்பும்.

கேலிக்கு அப்பால் அது ஆழமான வலி. அவள் அன்றாடம் ஜெபிக்கிறவள். மகள் படிப்பு, மாமனாரின் கடைசி நாட்கள், வேலையை விடலாமா வேண்டாமா, எல்லாவற்றையும் ஆண்டவரிடம் கொண்டுபோய் வைத்தவள். மகள் நன்றாகவே படித்தாள். மாமனார் அமைதியாகவே போனார். ஆனாலும் ஒருவர் நம் வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு நம்மிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவளுக்கு.

இப்போது தையல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சலவைக்கூடத்தின் கடைசியில் ஒரு குறுகலான தையல் அறை. கிழிந்த போர்வை, பித்தான் போன நோயாளிச் சட்டை, அறுவை அறைப் பச்சைத் துணி எல்லாம் அங்கேதான் போகும். அங்கே காலால் மிதிக்கிற மெஷினில் தனியாளாக உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். மெலிந்த ஆள். முகத்தில் எப்போதும் யாரோ அவரைத் தூக்கத்தில் எழுப்பிவிட்டது போல ஒரு எரிச்சல். மனைவி இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மாஸ்டருடைய பெரிய கத்திரிக்கோல் தைத்த துணிகளோடு சேர்ந்து புது மெஷினுக்குள் போய்விட்டது. கதவோரத்து ரப்பர் கிழிந்து, கூடம் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். உள்ளே தகடும் பிய்ந்தது. அதிகாரி இறங்கி வந்து, "யாரு இதுக்குப் பொறுப்பு?" என்று கேட்டபோது, மாஸ்டர் நீராவியைக் காட்டினார்.

"இந்தம்மாதான் காலையில கத்திரிக்கோலை வாங்கிட்டுப் போச்சு. திருப்பித் தரல."

அவள் அந்தக் கத்திரிக்கோலைத் தொடக்கூட இல்லை. கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அதிகாரி நம்பவில்லை. அந்த மாதம் அவளுக்குக் கிடைக்க வேண்டிய மேற்பார்வையாளர் வேலை வேறொருவருக்குப் போனது. அவளை அழுக்குப் பிரிக்கும் பகுதிக்குத் தள்ளினார்கள். மூன்று வருஷம் அங்கே கிடந்தாள். வீட்டுக்குப் போனதும் நேராகக் குளியலறைக்குள் போவாள். குளித்துவிட்டு வந்தும் மகளைத் தொடக் கூச்சமாக இருக்கும். அதன் பிறகு மாஸ்டரோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனதுக்குள் அவரைப் பற்றி நினைக்கும்போது 'அவன்' என்றுதான் நினைப்பாள். அதுவே அவள் கொடுக்கக்கூடிய அதிகபட்ச மரியாதை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஜெபம் எதுவும் செய்யவில்லை. போர்வை ஒன்று முறுக்கிக்கொண்டு வராததால் அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வந்தது.

*அவரோட போய்ச் சாப்பிடு.*

காதில் விழுந்த சத்தம் இல்லை. ஆனால் கூட்டத்துக்கு நடுவில் நம் அம்மா இருமினால் திரும்பிப் பார்க்காமலே தெரியுமே, அந்த மாதிரித் தெரிந்தது. யார் என்று தெரிந்தது. எவரோடு என்றும் தெரிந்தது. அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அடுத்த விநாடியே உள்ளே கொதித்தது.

"மாட்டேன்!" என்றாள் வாய்விட்டு.

சூட்டு உருளையில் நின்ற தோழி நிமிர்ந்தாள். "எதுக்கு மாட்டே? நான் ஒண்ணும் கேக்கலையே!"

"உன்னைச் சொல்லல. வேலையைப் பாரு."

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் அழுதாள். சந்தோஷத்தில் இல்லை. "இருபத்திரண்டு வருஷம்! எத்தனை விஷயம் கேட்டிருப்பேன்! கடைசியில வாயைத் திறந்து பேசினதே இதுதானா? அவனோட சாப்பிடணுமாம்!"

வீட்டுக்காரர் கவனமாகக் கேட்டார். "பசி மயக்கமா இருக்குமோ? காலையில சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அப்ப எனக்குத் தெரியலம்மா. பாஸ்டரைக் கேளு."

பாஸ்டரிடம் போனதே அவர் 'அதெல்லாம் பிரமை' என்று சொல்லி அனுப்பிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான். அவர் அப்போது சபைக் கட்டடத்தின் பின்னால், கால் ஆடும் பெஞ்சு ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அடித்துக்கொண்டே கேட்டார்.

"உங்க மனசே அப்படிச் சொல்லியிருக்கலாம் இல்லையாம்மா?"

"அதைத்தான் ஐயா நானும் நினைச்சுப் பாத்தேன். ஆனா…" அவள் தயங்கினாள். சொல்லப் பிடிக்கவில்லை. "என் மனசு சொல்லியிருந்தா 'அவனோட'ன்னு சொல்லியிருக்கும். இது 'அவரோட'ன்னு சொல்லுச்சு."

பாஸ்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சிரிக்காதீங்க ஐயா. அந்த ஆளுக்குப் போய் மரியாதை கொடுக்கிறாரே, அதுவே எனக்குத் தாங்கல."

"நமக்குப் பிடிச்சதையே சொல்ற குரலைத்தாம்மா சந்தேகப்படணும். இது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"துளிகூடப் பிடிக்கல."

"அப்ப போய்ச் சாப்பிட்டுப் பாருங்க. தப்பா இருந்தாலும் ஒரு வேளைச் சாப்பாடுதானே."

ஒன்பது நாள் கடத்தினாள். பத்தாம் நாள் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தையல் அறை வாசலில் போய் நின்றாள். மாஸ்டர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். அதில் வெளியே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"மாஸ்டர், இங்க உக்காரலாமா?"

அவர் திரும்பவில்லை. "நாற்காலி ஆஸ்பத்திரிச் சொத்து. யார் வேணா உக்காரலாம்."

உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவை மூடினார், மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். வெளியே வந்தவள் மனதுக்குள், 'போயாச்சு, சாப்பிட்டாச்சு, கணக்கு முடிஞ்சுது' என்றாள். முடியவில்லை என்பதும் அவளுக்கே தெரிந்தது. ஒருநாள் போய்ச் சாப்பிடு என்று அந்தக் குரல் சொல்லவில்லையே.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். இரண்டாவது வாரம் மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"என்ன, ஆள் பிடிக்க வந்திருக்கியா? உங்க சபையில பெஞ்சு காலியா கிடக்கா?"

"இல்ல."

"பின்னே எதுக்கு வர்றே? யாரு அனுப்பினது?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தாள். வரவில்லை. "ஆண்டவர் போகச் சொன்னார்."

மாஸ்டர் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "அவருக்கு வேற வேலை இல்லையா?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள் நீராவி.

அவர் தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, சாப்பாடு அடைத்ததா என்று சொல்ல முடியவில்லை.

இப்படியே இரண்டு மாதம். உருளைக்காரத் தோழி மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு கிண்டல் செய்தாள். "நீராவி, உன்னைக் கவுத்த ஆளோட விருந்தா? வெட்கமா இல்ல?" அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் போகும்போது, இன்றைக்காவது அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்வான், 'அன்னைக்குத் தப்புப் பண்ணிட்டேம்மா' என்பான் என்று எதிர்பார்த்தாள். ஆண்டவர் அனுப்பியதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளே ஆரம்பித்தாள்.

"மாஸ்டர், அந்தக் கத்திரிக்கோல் விஷயம்…"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "முடிஞ்சுபோனதைக் கிளறணும்னா வெளியில போய்க் கிளறு."

மறுநாள் தையல் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். மெஷின் மிதிக்கும் சத்தம் பலமானது. அவள் பிடிவாதமாகக் கதவுக்கு வெளியே நின்றபடியே சாப்பிட்டாள். அந்தப் பக்கம் போன தோழி, "என்னடி, இப்போ கதவோட சாப்பிடுறியா?" என்று கேட்டாள். நான்கு நாள் அப்படி நின்றாள். ஐந்தாம் நாள் போகவில்லை. போய்ப் பெண்களோடு உட்கார்ந்து, சத்தமாகச் சிரித்துப் பேசிச் சாப்பிட்டாள். ஒரு வாரம் அப்படியே ஓடியது.

அந்த வாரம் முழுக்க அவள் யார் மேலெல்லாமோ எரிந்து விழுந்தாள். கடைசியில் எரிந்து விழ வேண்டியவர் மேலேயே விழுந்தாள். வெளுத்த துணி அடுக்கும் கிடங்குக்குள் போனாள். இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் மடித்த போர்வைகள். அங்கே என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. சபையில் ஜெபம் பண்ணும்போது 'நீர்', 'உம்முடைய' என்றெல்லாம் அழகாக வரும் அவளுக்கு. அன்று அதெல்லாம் மறந்துபோய், வீட்டில் சண்டை போடுகிற பேச்சுதான் வந்தது.

"போகச் சொன்னீங்க, போனேன். கேவலப்பட்டேன். கதவைச் சாத்தினான், அப்பவும் நின்னேன். நீங்க இன்னொரு வார்த்தை சொன்னீங்களா? 'சரி, போதும்'னாவது? இல்ல 'இன்னும் கொஞ்ச நாள்'னாவது? ஒண்ணும் கிடையாது. ஒரு மனுஷி எத்தனை நாள்தான் போவா? முகத்தைக்கூடத் திருப்பாத ஒருத்தர் பக்கத்துல எத்தனை நாள்தான் உக்கார முடியும்?"

கேட்டுவிட்டு மூச்சு வாங்கினாள்.

பதில் எதுவும் வரவில்லை. அவளுடைய கேள்வியே அங்கே நின்றுகொண்டிருந்தது. நின்ற கேள்வி மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

காலை ஜெபம் நினைவுக்கு வந்தது. அடுப்பில் ஒன்று கொதிக்கும், ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும். மகளுக்கு இது வேண்டும், வீட்டுக்காரருக்கு அது வேண்டும், எனக்கு இந்தப் பதில் வேண்டும், ஆமென். பட்டியலை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஒருநாளாவது சும்மா உட்கார்ந்தது உண்டா? எதுவும் கேட்காமல், யார் பக்கத்தில் இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தது உண்டா? இருபத்திரண்டு வருஷமாக ஆண்டவர் பேசவில்லை என்று இவள் குறைப்பட்டாளே. இருபத்திரண்டு வருஷமாக அவர் இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்?

அவள் ஒரு போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கேட்க எதுவும் இல்லை. கைகள் மடியில் கிடந்தன. வெளியே உலர்த்தும் பெட்டி சுழலும் சத்தம். அந்த நேரத்தில் தன்னை ஒருவர் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்ந்தாள். வேலை நன்றாகச் செய்தாள் என்பதற்காக இல்லை. கதவுக்கு வெளியே நின்றாள் என்பதற்காகவும் இல்லை. வெறுமனே, அவள் இருக்கிறாள் என்பதற்காக. ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல. உலர்த்தும் பெட்டியின் மணி அடிக்கும்வரை அவள் அசையவில்லை.

பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே எரிச்சலும் வந்தது. "இதைச் சொல்றதுக்கா இத்தனை சுத்து? நேரா சொல்லியிருக்கக்கூடாதா?" என்று போர்வைகளிடம் கேட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் தையல் அறைக் கதவு திறந்திருந்தது.

"ஒரு வாரமா ஆளைக் காணோம்," என்றார் மாஸ்டர் சுவரைப் பார்த்தபடி. "உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல. கோவம்."

"ம்," என்றார். நாற்காலியில் கிடந்த பச்சைத் துணிக் குவியலைத் தூக்கி மெஷின் மேல் வைத்தார்.

அந்த மாதக் கடைசியில்தான் அது நடந்தது. சாப்பிட்டு முடித்து, மாஸ்டர் ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தார். நூல் முனையை நாக்கில் நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊசிக்கு ஒரு விரல் தள்ளிக் குத்தினார். மறுபடி குத்தினார். நீராவி டப்பாவை மூடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஊசியின் காது இருந்த இடமே அவருக்குத் தெரியவில்லை.

"கொடுங்க."

அவர் கொடுக்கவில்லை. இன்னும் நான்கு முறை முயன்றார். பிறகு ஊசியையும் நூலையும் அவள் பக்கம் நீட்டினார். அவள் கோத்துக் கொடுத்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

அவர் மெஷினின் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அன்னைக்கும் இப்படித்தான். துணியோட சேர்ந்து கிடந்தது தெரியல. கண்ணு தெரியலன்னு சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. வீட்டுல போய் யாரைப் பாத்துக்கிட்டு உக்காருவேன்?"

அவளுக்குப் புரியச் சற்று நேரம் எடுத்தது. புரிந்ததும் தலைக்கு ஏறியது.

"மூணு வருஷம் அந்த நாத்தத்துல கிடந்தேன் மாஸ்டர்."

"தெரியும்."

"என் மகளைக் கட்டிப்பிடிக்கக் கூசிக்கிட்டு நின்னேன்."

"அது தெரியாது," என்றார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. அவளும் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்தால் எதையாவது தூக்கி எறிந்துவிடுவாள் போலிருந்தது. எழுந்து வாசல்வரை போனாள். போனவள் திரும்பி வந்தாள்.

"எழுந்திருங்க."

"எதுக்கு?"

"நாலாவது மாடியில கண் பிரிவு இருக்கு. இத்தனை வருஷம் அதுக்குக் கீழயே உக்காந்துகிட்டு ஊசியைக் குத்திக்கிட்டிருக்கீங்க!"

"அந்த வார்டுக்குத் திரை தைச்சதே நான்தான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் போகலையா? எழுந்திருங்கன்னு சொல்றேன்!"

அவள் போட்ட சத்தத்தில் உருளை நின்றது. சலவைக்கூடமே பார்க்க, மாஸ்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள். டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இடது கண்ணில் நரம்பு பழுதாகிவிட்டது, முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். வலது கண்ணில் புரைதான், எடுத்துவிடலாம். வேலைக்கு ஆபத்து இல்லை, ஒரு கண்ணோடு தைக்கிறவர்கள் எத்தனையோ பேர் என்றும் சொன்னார். வெளியே வந்த மாஸ்டர் படிக்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஒரு கண் போனது மட்டும் இல்லை, பயந்து பயந்து வாழ்ந்த அத்தனை வருஷமும் வீண் என்பதும் அன்றுதான் தெரிந்தது அவருக்கு. நீராவி பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

அறுவை முடிந்து கண் கட்டைப் பிரித்த மறுநாள், மாஸ்டர் அவளை உற்றுப் பார்த்து, "உனக்கு இவ்வளவு நரை இருக்கா?" என்று கேட்டார்.

"பாதி நீங்க கொடுத்தது," என்றாள்.

அதற்குச் சில நாள் கழித்து, யாரும் கேட்காமலே, மாஸ்டர் சட்டையை மாற்றிக்கொண்டு மேலே அலுவலகத்துக்குப் போனார். கத்திரிக்கோல் விஷயத்தில் தான் சொன்னது பொய் என்று சொல்லத்தான். அது தெரிந்ததும் நீராவி லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை வருஷம் காத்திருந்த நாள்! அரை மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"எந்தக் கத்திரிக்கோல்னு கேட்டாங்க."

அந்த அதிகாரி மாற்றலாகிப் போய் நான்கு வருஷம். அலுவலகம் வேறு மாடிக்குப் போனபோது பழைய ஃபைல்களைக் கழித்துவிட்டார்களாம். புது அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "வேணும்னா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க பெரியவரே, வெச்சுக்கிறேன்" என்றாராம். மாஸ்டர் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மேற்பார்வையாளர் வேலையில் இருந்தவர் அப்படியே இருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் சொன்னார்: "அவர் போய் உண்மையைச் சொன்னாரே. அது போதாதா?"

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதல," என்றாள். அன்றைக்கு அவள் ஜெபம் இரண்டே வாக்கியம்தான். "எனக்கு நியாயம் வேணும்னு கேட்டேன். நீங்க எனக்கு ஒரு மாஸ்டரைக் கொடுத்திருக்கீங்க." சொல்லிவிட்டு எழுந்து போகாமல், கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே கோபமாக உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருந்தாலும் ஆண்டவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

எந்த நாளில் மன்னித்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் அவசர மூட்டைகள் வந்து சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனது. "கொஞ்சம் இரு, மிச்சத்தையும் ஊட்டிட்டுப் போகலாம்," என்றாள் தோழி.

"இல்லடி, நேரமாச்சு. அவர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்," என்றாள் நீராவி.

சொன்ன பிறகுதான் அந்த 'அவர்' அவள் காதில் விழுந்தது. போர்வையைப் பிடித்தபடி ஒரு விநாடி நின்றாள். தோழிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாஸ்டர் இன்னும் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தார். சபைக்கு அவர் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஆண்டவர் அவளோடு மறுபடி அப்படிப் பேசவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் சமையலறை ஸ்டூலில் சற்று நேரம் சும்மா உட்காருகிறாள். சில நாள் தூங்கிவிடுகிறாள். சில நாள் சண்டைதான்.

மாஸ்டர் ஓய்வு பெற்ற நாளில் அவருக்கு மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். சாப்பாட்டு வேளையில் இரண்டு பேரும் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். மாஸ்டர் மாலையைக் கழற்றி மெஷின் மேல் வைத்திருந்தார்.

"நாளையிலிருந்து நீ யாரோட சாப்பிடுவ?" என்று கேட்டார்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. "என் கவலையை விடுங்க. நீங்க யாரோட சாப்பிடுவீங்க?"

அவர் டப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாங்க. எங்க வீட்டுக்காரரும் இருப்பார்."

மாஸ்டர் அந்த ஒற்றைக் கண்ணால் அவளைச் சாய்வாகப் பார்த்தார். "இதையும் ஆண்டவர்தான் சொன்னாரா?"

"இல்ல," என்றாள் நீராவி. "இதை நான் சொல்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. சமைத்து வைத்துக் காத்திருந்தவள், வீட்டுக்காரரை ஒரு பிடி பிடித்தாள். அடுத்த ஞாயிறும் வரவில்லை. "இனி அந்த மனுஷன் பேச்சையே எடுக்காதீங்க," என்றாள். மூன்றாவது ஞாயிறு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, கதவு தட்டும் சத்தம் கேட்டது. புதுச் சட்டையில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவரே தைத்தது போலிருந்தது, ஒரு பக்கத் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வழி தெரியல," என்றார்.

"மூணு வாரமாவா?"

வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நீராவி முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.